சிப்பிக்குப் பரிசோதனை உண்டு, நமக்கு?

கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கூட்டம் முடிந்து புறப்படும் நேரம். ஓர் அம்மா ஓடி வந்து கேட்டார்: "தம்பி, கெராங்குல பூச்சி மருந்து கலந்திருக்குன்னு பேப்பர்ல போட்டிருக்காமே. பிள்ளைங்களுக்கு வாங்கிக் கொடுக்கலாமா, வேணாமா?"

அன்று காலையில்தான் அவர் முதுகில் பம்பைச் சுமந்து புல்லுக்கு மருந்து அடித்துவிட்டு வந்திருந்தார். கையுறையில் இரண்டு விரல் கிழிந்திருந்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. கெராங்கைப் பற்றித்தான் கவலை.

முதலில் கெராங்குக்கே வருவோம். சேற்றில் புதைந்து கிடக்கும் அந்தச் சிப்பி இரையைத் தேடி ஓடாது. தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டித் தின்னும். தண்ணீரில் எது வந்தாலும் அதன் உடம்பு வழியாகத்தான் போகவேண்டும். கரையோரத் தோட்டங்களில் ஒரு மழை அடித்தால் கான் தண்ணீர் எங்கே போகிறது? வாய்க்காலுக்கு; மதகு திறந்தால் ஆற்றுக்கு; அங்கிருந்து கடற்சேற்றுக்கு. வயற்காட்டுத் தண்ணீரும் அதே வழிதான்.

ஆனால் எல்லா மருந்தும் சிப்பியில் தங்குவதில்லை தோழர்களே. இதைத்தான் யாரும் நமக்கு விளக்கிச் சொல்வதில்லை. டிடிடி, டில்ட்ரின் போன்ற பழைய மருந்துகள் கொழுப்பில் கரைபவை, இலேசில் அழியாதவை. அதனால் சிப்பியின் சதையில் சேர்ந்துவிடுகின்றன. டில்ட்ரினை 1960-ஆம் ஆண்டு வாக்கில் செம்பனைக்கு அடித்தார்கள். அது பைப்புழுவைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று, பைப்புழுவையே பெருக்கிவிட்டது! டிடிடியை மலேரியாக் கொசுவுக்காக வீட்டுச் சுவர்களில் அடித்தார்கள். 1999-இல் இந்நாட்டில் அதற்குத் தடை வந்தது. அப்படியும், மலேசியா உட்பட ஆசிய நாடுகளின் கரையோரச் சிப்பிகளைச் சோதித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லா நாட்டுச் சிப்பியிலும் டிடிடி இருந்தது. கொதிநீரில் முக்கி எடுத்தால் அது போகாது. நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும், அவ்வளவுதான். அந்த அம்மாவிடம், "எப்போதாவது நன்றாக வேகவைத்துக் கொடுங்கள், தினம் வேண்டாம்" என்றேன்.

இனி நம் கதை. பாராகுவாட் மண்ணில் விழுந்ததும் களிமண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். சிப்பியில் தேடினால் அகப்படுவது அரிது. பூச்சிக்கு அடிக்கும் பாஸ்பரஸ் வகை மருந்துகள் பெரும்பாலும் சில வாரங்களிலேயே சிதைந்துபோகும். ஆகவே சிப்பி காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் தாத்தா காலத்து விஷத்தை. இன்று காலையில் நம் கையில் வழிந்ததை அது சொல்லாது. கடலில் எல்லாம் சரி என்று அறிக்கை வந்தால், "பாத்தியா, ஒண்ணும் இல்லே" என்று ஆபீசில் சொல்வார்கள். அந்த அறிக்கைக்கும் நம் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை.

என் தாயார் பத்தொன்பது வருடம் மருந்து அடித்தவர். அவர் விரல் நகங்கள் வெளுத்து, பிளந்து, ஒவ்வொன்றாகக் கழன்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தோட்டத்து டிரசர் கொடுத்தது ஒரு களிம்பு. பாராகுவாட்டைத் தடுக்கப்போவதாக 2002-இல் அறிவித்தார்கள்; 2006-இல் தளர்த்தினார்கள்; ஒருவழியாக 2020 ஜனவரி முதல் தேதிதான் தடை வந்தது. பதினெட்டு வருடம்! அதற்குள் எத்தனை பேருடைய நகம்!

இன்று பம்பைச் சுமப்பவர்களில் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் நிறைய. "அவுங்க பாடு" என்று நம்மில் சிலர் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் துணியைத் துவைக்கும் தண்ணீரும் அதே கானில்தான் ஓடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, வேலையில் கையாளும் மருந்தால் என்ன ஆபத்து என்று முதலாளி மதிப்பீடு செய்து வைத்திருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை தேவை என்று அதில் கண்டால், அவர் செலவிலேயே அதைச் செய்ய வேண்டும். பாஸ்பரஸ் வகை மருந்து அடிப்பவருக்கு இரத்தத்தைச் சோதித்தாலே பாதிப்பு தெரிந்துவிடும். கர்ப்பிணிப் பெண்களையும் பாலூட்டும் தாய்மாரையும் அந்த வேலையில் விடக்கூடாது. எத்தனை தோட்டத்தில் மண்டோர் இதைப் பெரட்டில் வாசித்துக் காட்டியிருக்கிறார்?

நாளைக் காலைப் பெரட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள். "டிரம்முல இருக்கிற மருந்து பேரு என்ன? எங்களுக்குக் கடைசியா எப்போ இரத்தம் எடுத்துப் பாத்தீங்க?" ஒருவராகக் கேட்காதீர்கள், நாலைந்து பேராய்க் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்பதை எழுதித் தேதி போட்டு, உங்கள் தோட்டக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அந்த அம்மாவின் கையுறைக்கு நான் ஏற்கெனவே கடிதம் போட்டாகிவிட்டது.