அயல்நாட்டில் ஊமையர் யார்?

ஆங்கிலம் அறிந்தவர் உலகெங்கும் பேசலாம், தமிழ் மட்டும் அறிந்தவர் ஊமையராய்த் திரியவேண்டும் என்பது நம் இல்லங்களில் வேரூன்றிய எண்ணம். அயல்நாட்டிலுள்ள மகனைக் காணப் புறப்படும் முதிய தாயை, "உனக்கு ஆங்கிலம் தெரியாதே அம்மா, எப்படிப் போய்ச் சேர்வாய்?" என்று பெற்ற மக்களே கேட்டுக் கூனிக் குறுக வைக்கின்றனர். இவ்வெண்ணம் எத்துணைப் பொய்யானது என்பதைச் சப்பானில் சில நாள் தங்கியவர் உணர்வர்.

அந்நாட்டுச் சிற்றூர் உணவகம் ஒன்றனுட் புகும் நம் பொறியாளர், தம் ஆங்கிலம் முழுவதையும் கொட்டியும் ஒரு வட்டில் சோறு கேட்டுப் பெறத் தடுமாறுகிறார். கடைக்காரர் அறிந்தது தம் தாய்மொழி. அதனால் அவருக்கு நாணமில்லை. மருத்துவமும் பொறியியலும் தம் மொழியிலேயே கற்கும் மக்கள் அவர்கள். அங்கே ஆங்கிலம் படித்த மகனும் தமிழ் மட்டும் அறிந்த தாயும் ஒரே நிறையினரே.

அங்ஙனமாயின் அயலார் அங்கே வழியறியாது திகைப்பரோ? இல்லை. 1964-இல் தோக்கியோவில் ஒலிம்பிக்கு விளையாட்டு நடந்தபோது, வந்தவர்க்காகச் சப்பானியர் தம் மொழியைக் கைவிட்டிலர். விளையாட்டுகளையும் கழிப்பறை, தொலைபேசி முதலியவற்றையும் காட்டும் குறிப்புப்படங்களை வகுத்தனர். 2004-இல் தோக்கியோ நகரச் சுரங்கத் தொடர்வண்டி நிலையங்களுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு இட்டனர். உணவக முகப்புகளில் பண்டங்களைப் போன்றே செய்த உருவங்களை அடுக்கி வைக்கின்றனர். விரலாற் சுட்டினாற் போதும். தம் மொழியை விடாமலே விருந்தினரைப் பேணும் முறை இது!

விருந்தினர்க்கும் கடமை உண்டு. வணக்கம், நன்றி, பொறுத்தருள்க என்னும் மூன்றையேனும் அந்நாட்டு மொழியிற் கற்றுச் செல்க. 'சுமிமாசென்' என்று பணிவுடன் தொடங்குவார்க்கு மலரும் முகம், ஆங்கிலத்தில் ஏவுவார்க்கு மலராது. தங்கும் இடத்தின் பெயரையும் முகவரியையும் அவர்தம் எழுத்திலேயே எழுதி வைத்துக்கொள்க. மரக்கறி உண்பார், 'இறைச்சி வேண்டா' என்பதோடு நில்லாமல், 'மீன்சாறும் வேண்டா' என்று எழுதிக் காட்டுக; அங்குப் பல குழம்புகளுக்கு உலர்மீன் சாறே அடிப்படை.

இன்று கைப்பேசியிடம் தமிழிற் சொன்னால், அது சப்பான்மொழியிற் பெயர்த்து ஒலிக்கிறது. எழுவாயை விடாமல், சிறுசிறு தொடர்களாகப் பேசுக. ஆங்கிலம் கலந்த தமிழ் கருவியையும் தடுமாறச் செய்யும். தூய தமிழ் அங்கும் துணைநிற்கும்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. வினையில் முடியும் தொடர், பெயரின் பின்னொட்டும் உருபு ஆகியவற்றில் சப்பான்மொழி தமிழை ஒத்தது. இரண்டும் உறவுமொழிகள் என்பது சுசுமு ஓனோ (1919–2008) என்னும் சப்பானிய அறிஞரின் கொள்கை. மொழிநூலார் பலர் அதனை ஏற்றிலர். உறவு எவ்வாறாயினும், இவ்வமைப்பொப்புமையால் அம்மொழியைத் தமிழ்வழிக் கற்பது ஆங்கிலவழிக் கற்பதினும் எளிது. ஆங்கிலப் படிக்கட்டின்றி அயல்மொழி ஏறமுடியாது என்பார் இதனை எண்ணிப் பார்க்க.

ஆகவே, புறப்படும் தாய்க்கு வேண்டுவது ஆங்கிலமன்று. முகவரி எழுதிய ஒரு தாள், தமிழ் கேட்கும் ஒரு கைப்பேசி, நெஞ்சில் துணிவு ஆகிய மூன்றே. முன்னிரண்டையும் மக்கள் வாங்கித் தரலாம். மூன்றாவது அவரிடம் முன்பே உள்ளது. அதனைப் பறிக்காதிருந்தாற் போதும்.