கரி வெட்டிய கையில் தூரிகை

"நமக்குச் சித்திரம் வராதப்பா, அதற்கெல்லாம் பிறவியிலேயே கை வேண்டும்." உழைக்கும் மனிதனிடம் ஒரு தூரிகையை நீட்டிப் பாருங்கள், பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். அவன் பணிவாகத்தான் சொல்கிறான். ஆனால் இந்தப் பணிவை அவனுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? கலை என்பது ஓய்வுள்ள கனவான்களின் சொத்து என்று காலங்காலமாகச் சொல்லி வந்தவர்கள்தான்.

இது எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்த்தம்பர்லாந்து வட்டாரத்தில் உள்ள ஆஷிங்டன் என்ற நிலக்கரி ஊர் சாட்சி. 1934ஆம் ஆண்டில் அந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்கள் சிலர், தொழிலாளர் கல்விச் சங்கத்தின் மூலம் ஒரு மாலை வகுப்பு கேட்டார்கள். சித்திரம் எழுதுவதற்காக அல்ல. சித்திரத்தைப் பார்த்துப் புரிந்து கொள்வதற்காக. பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே விட்டுவிட்டுச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் அவர்கள். பல் கட்டும் தொழில் செய்த ஒருவரும் கூட இருந்தார்.

நியூகாசில் கல்லூரியிலிருந்து ராபர்ட் லயன் என்ற ஓவிய ஆசிரியர் வந்தார். வழக்கப்படி இத்தாலிய மேதைகளின் ஓவியங்களைத் திரையில் காட்டி விளக்கினார். வகுப்பு அசையவில்லை. பகலெல்லாம் பூமிக்கடியில் கரி வெட்டிவிட்டு வந்த மனிதனுக்கு, நானூறு ஆண்டுகளுக்கு முந்திய தேவதைகளைப் பற்றிய பிரசங்கம் எப்படி ஒட்டும்?

சாதாரண வாத்தியாராக இருந்தால் "இவர்களுக்கு மூளை போதாது" என்று எழுதி வைத்துவிட்டு ரயிலேறியிருப்பார். லயன் அப்படிச் செய்யவில்லை. தமது முறைதான் தவறு என்று கண்டார். படத்தைப் புரிந்து கொள்ள வேண்டுமானால் படம் செய்து பாருங்கள் என்றார். முதலில் கொடுத்தது தூரிகை கூட அல்ல. லினோலியத் துண்டில் கத்தியால் செதுக்கி, மை தடவி அச்செடுக்கச் சொன்னார். இது மிகவும் புத்திசாலித்தனமான காரியம் என்பது என் அபிப்பிராயம். கருவியைப் பிடித்துப் பழகிய கை, கருவியைக் கண்டு கூசாது அல்லவா?

பிறகு வாரம் ஒரு தலைப்பு. 'விடியல்' என்பார், 'பிரளயம்' என்பார். அவரவர் வீட்டில் வரைந்து, அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் வைக்க வேண்டும். எல்லோரும் பேசுவார்கள். அட்டையும் ஒட்டுப்பலகையும் திரைச்சீலையாயின. சுவருக்குப் பூசும் பெயின்டே பலருக்கு வர்ணமாயிற்று.

அந்த மேஜையைச் சுற்றித்தான் நம்பிக்கை பிறந்தது. நிறத்தைப் பற்றி ஆசிரியருக்குத் தெரியும். ஆனால் தாழ்ந்த கூரைக்கடியில் ஒருக்களித்துப் படுத்துக் கரி வெட்டுகிறவனின் தோள் எப்படி முறுக்கிக் கொள்ளும் என்பது யாருக்குத் தெரியும்? அங்கே தொழிலாளிதான் ஆசிரியர். ஒரு விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு மனிதன் அறிந்து கொண்டால், தெரியாத மற்றொன்றைக் கேட்டுக் கற்க அவனுக்கு வெட்கம் இருக்காது. வெறும் புகழ்ச்சியால் இது வராது. "பேஷ், பேஷ்!" என்று முதுகில் தட்டிக் கொடுக்கும் வகுப்பில் யாரும் எதையும் கற்பதில்லை.

வெகு சீக்கிரமே அவர்கள் தேவதைகளையும் பிரளயத்தையும் விட்டுவிட்டுத் தங்கள் சொந்த வாழ்க்கைக்குத் திரும்பினார்கள். கரி முகப்பு, புறாக் கூண்டு, வேட்டை நாய், காய்கறிக் கொல்லை, அடுப்படி என்று எல்லாம் படத்தில் ஏறின. 1936இல் நியூகாசில் ஹாட்டன் கலைக்கூடத்தில் கண்காட்சி நடந்தது. நகரத்து ரசிகர்கள் வியந்தார்கள். "பயிற்சியற்ற கள்ளமில்லாத உள்ளங்கள்" என்ற ரீதியில் பாராட்டுக் கிளம்பியது. இந்தப் பாராட்டில்தான் பழைய விஷம் ஒளிந்திருக்கிறது. பயிற்சியற்றவர்களா? வாராவாரம் தோழர்களின் விமர்சனத்துக்குப் படத்தை நிறுத்தியது பயிற்சி இல்லையா? தொழிலாளி நன்றாகச் செய்தால் அதிசயம், சீமான் செய்தால் திறமை. இதென்ன கணக்கு?

குறையும் உண்டு, மறைப்பதற்கில்லை. வகுப்பில் உட்கார்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். அவர்களது படங்களில் ரொட்டி சுடுகிற, துணி வெளுக்கிற, பழந்துணியில் விரிப்புப் பின்னுகிற பெண்களுக்கு அந்த மாலை நேரம் கிடைக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வரும் கணவனுக்கும் மகனுக்கும் குளிக்க வெந்நீர் வைத்தது யார் என்று யோசித்தால் காரணம் விளங்கும்.

1942இல் லயன் எடின்பரோ கலைக் கல்லூரிக்குத் தலைவராகப் போய்விட்டார். வாத்தியார் போனால் வகுப்பு கலையும் என்பது உலக வழக்கம். ஆஷிங்டனில் அது கலையவில்லை. தாங்களே கூடினார்கள், தாங்களே விமர்சித்தார்கள், நல்ல படங்களைக் கூட்டாகத் தேர்ந்து குழுவின் பொதுச் சொத்தாக வைத்துக் கொண்டார்கள். தங்கள் தொழிலையும் விடவில்லை. காலையில் சுரங்கம், மாலையில் வர்ணம். ஐம்பது ஆண்டுகள், 1984 வரை, இது நடந்தது.

அவர்களில் ஒருவரான ஆலிவர் கில்போர்ன், முதுமையில், சுரங்கத் தொழிலாளியாகத் தாம் வாழ்ந்த வாழ்க்கையையே ஒரு படவரிசையாக வரைந்து வைத்தார். ஆஷிங்டன் சுரங்கம் 1988இல் மூடப்பட்டது. குழுவின் படங்கள் பக்கத்திலுள்ள வுட்ஹார்ன் சுரங்க வளாகத்தில், இன்று அருங்காட்சியகமாகிவிட்ட அதே இடத்தில், இருக்கின்றன. கூரை எவ்வளவு தாழ்வு, விளக்கின் ஒளி எவ்வளவு தூரம் விழும், தோள் எப்படி முறுக்கும் என்பதெல்லாம் அந்தப் பலகைகளில் அப்படியே இருக்கிறது.