ஏத்தன் பறக்கிறது, சுமந்தவள் எங்கே?

திருநெல்வேலி ஏத்தன் விமானம் ஏறுகிறது என்று பெருமைப்படுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. தோட்டத்திலிருந்து லாரி வரைக்கும் அது எதில் ஏறி வந்தது?

எங்க சனத்தோட தலையில.

களக்காடு, சேரன்மகாதேவிப் பக்கம் விளைகிற ஏத்தன் வாழை ஆரல்வாய்மொழி கடந்து கேரளத்துக்குப் போகிறது. ஓணம் வந்தால் விலை ஏறும். ஒரு பங்கு திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்குப் பறக்கிறது. பயணிகள் விமானத்தின் அடிவயிற்றிலேயே பழப்பெட்டிகளை அடுக்குகிறார்கள். காய் கன்றிவிடக் கூடாதென்று அட்டைப்பெட்டி, குளிர் அறை. நல்லது. தார் சுமக்கிறவளுக்குக் கழுத்து கன்றினால்? தோட்டத்துச் சேற்றில் வழுக்கி விழுந்தால்? 2024-ல் வந்த மாரி செல்வராஜின் 'வாழை' படம் இந்தச் சுமையைத்தான் காட்டியது. தியேட்டரில் அழுதவர்கள் மறுநாள் பழக்கடையில் சுமைகூலியைப் பற்றியா கேட்டார்கள்?

அதே விமானத்தில், பழத்துக்கு மேலே உட்கார்ந்து போகிறவனிலும் நம்ம ஆள் உண்டு. நிலமில்லாதவன், வட்டிக்கு வாங்கி விசா எடுத்தவன். அப்படி வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்துக் கொஞ்சம் நிமிர்ந்த ஊர்தான் கொடியங்குளம். 1995 ஆகஸ்ட் 31-ல் போலீஸ் புகுந்து டி.வி.யை உடைத்தது, சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் நாசமாக்கியது, குடிக்கிற கிணற்றில் விஷத்தைக் கலந்தது. பழம் பறந்தால் அந்நியச் செலாவணி. சேரிக்காரன் பறந்தால் கண்ணு பொறுக்காது.

சரி, வெளிநாடே வேண்டாம், இங்கேயே கூலியைக் கூட்டிக் கேட்போம் என்றால்? மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போனவர்களைத் தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டினார்கள். 17 பேர் பிணமானார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில் ஒன்று. வாழைக்குத் தண்ணி தருகிற அதே தாமிரபரணிதான்.

"ஏற்றுமதி பெருகினா எல்லாருக்கும் நல்லதுதானவே" என்கிறார்கள். யாருக்கு? ஆற்றுப்பாசன நஞ்சை கோயிலுக்கும் மடத்துக்கும் ஆதிக்க சாதிக்கும். நமக்கு வாய்த்தால் குத்தகை. காற்றடித்து வாழை சாய்ந்தால் கடன் மட்டும் நமக்கே சொந்தம்.

விமானம் பறக்கவே கூடாதென்று சொல்லவில்லை. தாருக்கு இத்தனை என்று எழுதி வைத்த கூலி வேண்டும். சுமக்கையில் விழுந்தால் இழப்பீடு வேண்டும். பறித்துக்கொண்ட பஞ்சமி நிலம் திரும்பி வரவேண்டும். நம்ம மண்ணில், நாமே வெட்டி, நாமே விலை சொல்லுகிற தார் பறக்கட்டும். அன்னைக்கு நாமும் அண்ணாந்து பார்த்துப் பெருமைப்படுவோம்.