பதவிக்குப் பின் யாருக்காக வாதிடுவது?

அரசமைப்புச் சட்டத்தின் 165ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் அட்வகேட் ஜெனரலை, அதாவது அரசுக்குச் சட்ட ஆலோசனை கூறி நீதிமன்றத்தில் அதன் சார்பில் வாதிடும் தலைமை வழக்குரைஞரை, ஆளுநர் நியமிக்கிறார். பதவி முடிந்தபின் அவர் தம் அனுபவத்தை யாருக்காகப் பயன்படுத்தலாம் என்பது பற்றி அப்பிரிவு எதுவும் கூறவில்லை.

நாமக்கல் மாவட்டத்தில் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தவரும், சென்னை மாகாண முதல்வராக இருந்த ப. சுப்பராயனின் மகனுமான மோகன் குமாரமங்கலம், 1966-67இல் அட்வகேட் ஜெனரல் பதவியை வகித்தார். நெடுங்காலம் பொதுவுடைமைக் கட்சியில் இருந்த அவர், பின்னர் காங்கிரசில் சேர்ந்து, 1971இல் புதுச்சேரியிலிருந்து மக்களவைக்குத் தேர்வாகி மத்திய அமைச்சரானார். 1973 ஏப்ரலில் மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ.என். ராய் இந்தியத் தலைமை நீதிபதியாக்கப்பட்டபோது, அம்முடிவை மக்களவையில் முன்னின்று ஆதரித்தவர் அவரே. நீதிபதியின் சமூகக் கண்ணோட்டத்தையும் பார்க்க வேண்டும் என்ற அவரது வாதம் பிழையானது. அக்கண்ணோட்டத்தை ஆட்சியாளர் அளந்து பதவி தரலாம் என்றால் அரசுக்கு எதிராக வழக்குத் தொடுப்பவருக்குப் புகலிடம் இராது. ஆயினும் அது அவைக்குறிப்பில் பதிவாகியது; எதிர்ப்பவர்கள் வரிக்கு வரி மறுக்க முடிந்தது.

பதவிக்குப் பின் லாபி செய்பவரின் வாதம் இவ்வாறு பதிவாவதில்லை. ஒரு நிறுவனத்திடம் கட்டணம் பெற்று, அதற்கு ஏற்றவாறு சட்டமோ விதியோ அமையும்படி அமைச்சரிடமும் அதிகாரியிடமும் எடுத்துரைக்கும் தொழில் அது. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி லாபி செய்பவர்கள் தம்மைப் பதிவு செய்து, யாருக்காகப் பேசுகிறார்கள் என்று அறிவிக்க வேண்டும். இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை. நாமக்கல்லின் லாரி உரிமையாளர்களும் கோழிப்பண்ணையாளர்களும் சங்கத்தின் பெயரிலேயே மனு கொடுப்பதால், கேட்பவர் யார் என்பது ஊரறிந்தது. அரசின் வழக்குரைஞராக இருந்தவரோ, எந்த விதி நீதிமன்றத்தில் நிற்காது, எந்த வழக்குக்கு அரசு அஞ்சுகிறது என்பதையெல்லாம் உள்ளிருந்து அறிந்தவர்; அந்த அறிவு மக்கள் செலவில் திரண்டது.

ஒரு வழக்கில் ஒரு தரப்புக்கு வாதிட்டவர் அதே வழக்கில் எதிர்த்தரப்புக்கு வரக் கூடாது என்ற பார் கவுன்சில் விதி, கொள்கை முடிவுகளை எட்டுவதில்லை. ஓய்வுபெற்ற மத்திய அரசு உயரலுவலர் ஓராண்டுக்குள் தனியார் பணியில் சேர அனுமதி பெற வேண்டும் என்ற விதியும், ஓய்வூதியம் பெறும் ஊழியர் அல்லாத அட்வகேட் ஜெனரலைக் கட்டுப்படுத்தாது. உயர் நீதிமன்ற நிரந்தர நீதிபதியாக இருந்தவர் உச்ச நீதிமன்றத்திலும் பிற உயர் நீதிமன்றங்களிலும் தவிர வேறெங்கும் வாதிடலாகாது என்று 220ஆம் பிரிவு வரம்பு கட்டியிருக்கும்போது, அரசின் வழக்குரைஞர்களுக்கும் ஓர் இடைவெளிக் காலத்தையும் பதிவேட்டையும் வகுக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்ற வேண்டும்.