சட்டசபையும் கர்ப்பக்கிரகமும்

சட்டம் என்பது சட்டசபையிலே செய்யப்படுவது என்றும், மெஜாரிட்டி இருந்துவிட்டால் எந்தச் சட்டத்தையும் செய்துவிடலாம் என்றும் நம் மக்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மந்திரி மசோதாவைக் கொண்டுவருகிறார், மெம்பர்கள் விவாதிக்கிறார்கள், ஓட்டு எடுக்கிறார்கள், கவர்னரோ ஜனாதிபதியோ கையெழுத்துப் போடுகிறார், கெஜட்டில் வருகிறது, அவ்வளவுதான் என்பது அவர்கள் எண்ணம். இது முழு உண்மையாயிருந்தால், கர்ப்பக்கிரகத்துக்குள் இன்ன ஜாதியான்தான் போகலாம் என்கிற பேச்சு 1971-லேயே ஒழிந்திருக்க வேண்டுமல்லவா? ஏன் ஒழியவில்லை என்பதைத் திருச்சி, ஸ்ரீரங்கம் வாசகர்கள் சற்று யோசிக்க வேண்டுகின்றோம்.

முதலில் அந்தச் சட்டம் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். இளையபெருமாள் கமிட்டி 1969-ல் கொடுத்த அறிக்கையில் பரம்பரைப் பூசாரித்தனம் ஒழிய வேண்டும் என்று எழுதியிருந்தது. ஆனால் அறிக்கைகள் அலமாரியில் தூங்குவது எல்லா சர்க்காரிலும் வழக்கம். பெரியார் 1970 ஜனவரி 26-ல் கர்ப்பக்கிரக நுழைவுக் கிளர்ச்சி என்று நாள் குறித்த பிறகுதான் சர்க்கார் சட்டம் செய்வதாக வாக்களித்தது, கிளர்ச்சி ஒத்திவைக்கப்பட்டது. அந்த வருஷம் டிசம்பர் 2-ல் மசோதா நிறைவேறி, 1971 ஜனவரி 8-ல் அமுலுக்கு வந்தது. ஆகவே மெம்பர்களுக்குத் தாமாக ஞானோதயம் உண்டாகிச் செய்த சட்டம் அல்ல அது. தெருவிலே நிற்கத் தயாராயிருந்த தொண்டர்கள் செய்த சட்டமே என்போம்.

நிற்க. சட்டம் வந்ததும் 12 மனுக்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 1972 மார்ச் 14-ல் தீர்ப்பு வந்தது. பரம்பரைப் பாத்தியதையை ஒழித்தது செல்லும் என்றார்கள். நம்மவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அடுத்த வரியிலேயே, ஆகமம் யாரைத் தொடச் சொல்கிறதோ அவர்தான் விக்கிரகத்தைத் தொடலாம் என்றும், ஆகமத் தகுதிச் சர்டிபிகேட் கேட்கும் 1964-ம் வருஷத்து விதி அப்படியே இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சாவியைப் பழைய ஆளிடமே கொடுத்த கதைதான். இவ்விதி சட்டசபையில் விவாதித்து ஓட்டெடுத்துச் செய்ததல்ல. சட்டத்தின் கீழே ஆபீசில் எழுதப்பட்டது. இருநூறு மெம்பர்கள் செய்த சட்டத்தைக் காட்டிலும் அதற்குப் பலம் அதிகமாயிற்று!

சட்டம் செய்வதற்குக் காலம் பிடிக்கும் என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்கள் 1957-ஐ நினைத்துப் பார்க்கட்டும். நவம்பர் 3-ல் தஞ்சை மகாநாட்டில், ஜாதியைக் காப்பாற்றும் அரசியல் சட்டப் பகுதிகளை நவம்பர் 26-ல் கொளுத்துவது என்று தீர்மானமாயிற்று. அந்த நாள் வருவதற்குள்ளாகவே, கொளுத்தினால் மூன்று வருஷம் வரை தண்டனை என்று சென்னைச் சட்டசபை சட்டம் செய்து முடித்துவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். பட்டுக்கோட்டை இராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் 1958-ல் இதே திருச்சி ஜெயிலில் மாண்டார்கள். காகிதத்தைக் காப்பாற்ற மூன்று வாரம் போதும். மனிதனின் மானத்தைக் காப்பாற்ற ஐம்பது வருஷமும் போதவில்லை!

பிறகு 2006-ல் எல்லா ஜாதியாரும் அர்ச்சகராகலாம் என்று உத்தரவு போட்டு, பயிற்சிப் பள்ளிகள் வைத்தார்கள்; அதில் ஒன்று ஸ்ரீரங்கத்திலேயே நடந்தது. இருநூறு பேருக்கு மேல் படித்துத் தேறினார்கள். வழக்கு 2015 வரை இழுத்தது. 2020-ல் புதிய விதிகள் எழுதப்பட்டன. 2021 ஆகஸ்டில் படித்தவர்களில் 24 பேருக்கு வேலை கிடைத்தது. 2022 ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட்டு, விதி செல்லும், ஆனால் ஆகமக் கோவில்களுக்குச் செல்லாது என்று கூறி, எவை ஆகமக் கோவில்கள் என்று கண்டுபிடிக்க ஒரு கமிட்டி வைக்கச் சொல்லிற்று. கமிட்டியில் தொடங்கிய காரியம் மறுபடியும் கமிட்டிக்கே வந்து சேர்ந்தது. நமது திருச்சியை அடுத்த குமாரவயலூர் முருகன் கோவிலில் நியமனமான இருவரின் நியமனத்தை 2023 மார்ச்சில் மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி ரத்துச் செய்தார்.

“கடவுளே இல்லை என்கிற உங்களுக்கு மணி ஆட்டுகிறவன் எவனாயிருந்தால் என்ன?” என்று சிலர் கேட்கலாம். மணி ஆட்டும் வேலை நமக்கு வேண்டியதில்லை. வரிப்பணம் கொடுப்பவனும் சர்க்காரை உண்டாக்குபவனும், பிறந்த காரணத்துக்காக ஒரு வாசற்படிக்கு வெளியே நிற்க வேண்டியவன் என்பதைக் கோர்ட்டும் சர்க்காரும் ஒப்புக்கொண்டிருக்கிறதே, அதுதான் நமது வழக்கு.

அதே 2023 செப்டம்பரில் ஸ்ரீரங்கம் பள்ளியில் மூன்று பெண்கள் படித்து முடித்துச் சர்டிபிகேட் வாங்கினார்கள். இனி ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், “சட்டம் கொண்டுவருவீரா?” என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். அதற்கு விதி எழுதப் போவது யார், கோர்ட்டில் அதற்காக வாதாடப் போவது யார், இந்தப் பெண்கள் கையிலுள்ள சர்டிபிகேட்டுக்கு எந்தக் கோவிலில் மதிப்பு என்று கேட்டுவிட்டு, அவர் என்ன பதில் சொல்லுகிறார் என்பதை நமக்கும் எழுதுங்கள்.