வெட்டு ஒண்ணு, கட்டம் 13

"நேர்மை (3)". குறுக்கெழுத்துப் புதிர்ல இப்படி ஒரு குறிப்பு வந்தா நீங்க என்ன எழுதுவீங்க? உண்மையா, வாய்மையா? ரெண்டுமே மூணு எழுத்து. ரெண்டுமே "மை"யில முடியும். குறுக்கே வர்ற சொல் கடைசிக் கட்டத்தை நிரப்பிக் கொடுத்தாலும் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. புதிர் போட்டவர் மனசுல எது இருந்துச்சோ அதுதான் விடை. அடுத்த வாரம் விடையைப் பார்த்து "ஓ, இதுவா?"ன்னு பக்கத்தைப் புரட்டிடுவீங்க.

பார்க்க எவ்வளவு நேரடியான குறிப்பு! ஆனா நான் சொல்ல வர்றது இதுக்கு எதிர். இந்த மாதிரி நேரடிக் குறிப்பைவிட, சுத்தி வளைச்சு நம்மைக் குழப்புற குறிப்புதான் நேர்மையானது.

இதைப் பாருங்க: "சாப்பிடச் சொல்லிப் பேனாவில் ஊற்றுவது பொய் கிடையாது (3)".

முதல் தடவை படிச்சா உளறல். சாப்பாட்டுக்கும் பேனாவுக்கும் என்ன சம்பந்தம்? இப்போ "ஊற்றுவது"க்கு அப்புறம் ஒரு வெட்டு வெட்டுங்க. முதல் துண்டு: சாப்பிடச் சொன்னா "உண்", பேனாவுல ஊத்துறது "மை". ரெண்டாவது துண்டு: பொய் கிடையாது. உண் + மை = உண்மை. வாய்மைக்கு இங்கே இடமே இல்லை. விடை சரியான்னு யாரையும் கேட்க வேண்டாம், அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். சரிபார்க்கிற வழி குறிப்புக்குள்ளேயே இருக்கு.

"அவர் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசுறவர்"னு வீட்ல யாரையாவது சொல்லுவாங்களே, ஒளிவு மறைவு இல்லாதவர்ங்கிற அர்த்தத்துல. அந்த சொலவடைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கல. நல்ல குறிப்பு ஒண்ணுக்கு ஒரே வெட்டு, ரெண்டு துண்டு. ஒரு துண்டு பொருள், இன்னொரு துண்டு அந்தச் சொல்லைக் கட்டுற வழி. ரெண்டும் ஒரே இடத்துல வந்து நிற்கணும்.

குறுக்கெழுத்து பிறந்தது அமெரிக்காவுல. 1913 டிசம்பர் 21 அன்னைக்கு ஆர்தர் வின் போட்ட புதிர் நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில வந்துச்சு. அதுல எல்லாமே நேரடிக் குறிப்புதான். குழப்புற வேலையைக் கலையாக்கினது பிரிட்டிஷ்காரங்க. 1926ல அப்சர்வர் பத்திரிகையில ஒருத்தர் டார்க்கமாடாங்கிற பேர்ல ஆரம்பிச்சார். அவருக்கு அப்புறம் அதே இடத்துக்கு வந்தவர் பேர் க்ஸிமெனஸ். ரெண்டுமே ஸ்பெயின்ல மத விசாரணை நடத்தின தலைமை விசாரணைக்காரங்க பேர்! எவ்வளவு ஆசையா வெச்சிருக்காங்க பாருங்க. ஆனா இந்தக் கூட்டத்துலேர்ந்துதான் ஒரு ஒழுக்கமும் வந்துச்சு. அஃப்ரித்ங்கிற புனைபேர்ல எழுதின ரிட்சி, ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், 1949ல ஒரு விதியை எழுதி வெச்சார். அதோட சாரம்: புதிர் போடுறவர் வாசகரைத் தப்பான பக்கம் பார்க்க வைக்கலாம், ஆனா அவர் எழுதின ஒவ்வொரு சொல்லும், அது சொல்ல வேண்டியதைச் சொல்லியே ஆகணும்.

தி இந்து பேப்பர்ல 1971லேர்ந்து வர்ற இங்கிலீஷ் புதிர் இந்த வகைதான். தமிழ்லயும் இது முடியும்னு வாஞ்சிநாதன் காட்டியிருக்கார், அமெரிக்காவுலேர்ந்து வர்ற தென்றல் இதழ்ல. ஆனா நம்மில் பலர் பார்த்து வளர்ந்தது இன்னொரு வகை: இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் போதாம வலமிருந்து இடம், கீழிருந்து மேல்னு நாலு திசையிலும் போற புதிர். அது போடுறவர் வசதிக்குத்தான்னு எனக்குத் தோணும். கட்டம் ஒத்துவரலைன்னா சொல்லைத் திருப்பிப் போட்டுடலாம்.

தமிழ்ல கட்டம் ஒத்துவர வைக்கிறது கஷ்டம்தான், ஒத்துக்கறேன். இந்த சொலவடையையே மையமா வெச்சு ஒரு புதிர் கட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்க முதல்ல தடுமாறுறது எழுத்தை எண்ணுறதுல. "வெட்டு"க்குப் பைத்தான்ல லென் போட்டா 6 வரும், யூனிகோட் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியா எண்ணும். கட்டத்துல அது வெ, ட், டு, மூணுதான். பேச்சுவழக்குல "வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு" 12 கட்டம். எழுத்துவழக்குல "வெட்டு ஒன்று துண்டு இரண்டு" 13. பதிமூணுக்குப் பதிமூணு கட்டத்துல நடுவரிசை, இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் அப்படியே நிரம்பிடும்!

சிக்கல் மேலிருந்து கீழே வர்ற சொற்கள்ல. ஒண்ணு விட்டு ஒரு கட்டத்துல அதுங்க இந்த வரிசையை வெட்டணும், 180 டிகிரி திருப்பினாலும் படம் மாறக்கூடாது. இரட்டைப்படைக் கட்டங்களை எடுத்தா 4ல "ஒ", 10ல "இ". உயிரெழுத்து சொல்லுக்கு முதல்லதான் வரும் (அளபெடையை விட்டுடுங்க). ஆனா படத்தைத் திருப்பும்போது 4ல தொடங்குறது 10ல முடியணும். "இ"யில முடியுற சொல்லுக்கு எங்கே போறது? அதனால ஒற்றைப்படைதான் வழி. அதுல ஒரு அதிர்ஷ்டம்: முதல் கட்டம் "வெ", கடைசி "டு". "வெ"யிலேர்ந்து கீழே "வெளிச்சம்" இறங்கும், மேலேர்ந்து வந்து "டு"வுல "தமிழ்நாடு" முடியும். ரெண்டும் அஞ்சு கட்டம். ஒண்ணையும் திருப்பிப் போட வேண்டாம்.

இதுக்கு ஏன் இவ்வளவு அலட்டிக்கணும்னு கேட்கலாம். தாம்பரத்துலேர்ந்து ஜி.எஸ்.டி. ரோட்டுல தெற்கே போய்ப் பாருங்க. "தாம்பரத்துக்கு மிக அருகில், 20 நிமிடத்தில்"னு மனை விளம்பரம். அந்த 20 நிமிஷம் ராத்திரி ரெண்டு மணிக்கு, பெருங்களத்தூர்ல ஒரு வண்டியும் இல்லாதப்போ. ப்ளேஸ்மென்ட் சீசன்ல கம்பெனிக்காரங்க திரையில காட்டுற சி.டி.சி. தொகையும் இதே ஜாதி. போனஸ், இன்ஷூரன்ஸ், க்ராஜுவிட்டி எல்லாத்தையும் கூட்டி ஒரு பெரிய நம்பர். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. புதிர்க் குறிப்பும் ஏமாத்துது, இதுவும் ஏமாத்துதுன்னு ரெண்டையும் ஒண்ணாச் சேர்க்க என்னால முடியல. குறிப்புல ரெண்டாவது துண்டு கண்ணெதிர்ல இருக்கு, நாம பார்க்காம விட்டோம். இங்கே அது கொடுக்கவே படல. "மாசம் கைக்கு எவ்வளவு வரும்?"னு கையைத் தூக்கிக் கேட்டாத்தான் அது வெளியே வரும். கேட்கிறவங்களைப் பின்வரிசை சிரிக்குது, அது வேற விஷயம்.

நம்ம இதழ்ல தமிழ்ப் புதிர் பக்கம் ஆரம்பிக்கலாம்னு பேச்சு அடிபடுது. தலைநகரம், நதி, நடிகர் பேர் கேட்கிற பக்கமா அது வேண்டாம். அதுக்கு கூகுள் போதும். ரெண்டு துண்டும் இருக்கிற குறிப்பு, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டும். மாசம் பத்து குறிப்பு வந்தாலே போதும், எழுத நான் தயார்.

இப்போதைக்கு ஒண்ணு: "தாங்கள் மேலுலகம் சேர பீச் லோக்கல் பிடிக்கும் ஊர் (5)". விடையை ஆசிரியர் குழுவுக்கு அனுப்பும்போது எங்கே வெட்டினீங்கன்னும் எழுதுங்க.