நாலு வருஷம் கழித்து என்ன?

எங்கள் வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டை என்றாலே தெரியும். நானும் ஹவில்தாராக இருந்து பென்ஷனில் வந்தவன். பட்டாளத்தில் சேர, காலையில் ஏரிக்கரையில் 1600 மீட்டர் ஓடிப் பழகும் பையன்களுக்கு நேரம் பார்த்துச் சொல்கிறேன்.

அவர்களில் ஒருவனின் அம்மா, மகனுடைய சர்டிபிகேட்டுகளை பாலித்தீன் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். "உங்களை மாதிரி இவனுக்கும் கடைசி வரை பென்ஷன் வரும்தானே அண்ணே?" வராது என்றேன். இப்போது சிப்பாயாக எடுப்பது அக்னிவீராகத்தான். அக்னிவீர் என்றால் நாலு வருஷம். பிறகு நாலில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய். அதிலும் பாதி, மாதாமாதம் அவன் சம்பளத்தில் 30 சதவீதம் பிடித்த பணமும் அதன் வட்டியும். அவர் கவரை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை.

ராணுவ வீரனின் கதையான 'அமரன்' படம் பார்த்து எங்கள் ஊரே அழுதது. அந்தக் கண்ணீர் உண்மை. ஆனால் சிப்பாயின் வாழ்க்கையை மாற்றிய இந்த அக்னிவீர் திட்டம் 2022 ஜூன் 14 அன்று, நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படாமலே அறிவிக்கப்பட்டபோது, எங்களில் எத்தனை பேர் அதைப் படித்தோம்?

படையின் சராசரி வயதைக் குறைக்க வேண்டும் என்கிறது அரசு. செலவும் பெரிது: 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி. அதில் பென்ஷன் மட்டும் 1.60 லட்சம் கோடி. இதில் நியாயம் இருக்கலாம். அந்த நியாயத்தை மக்கள் முன் வைத்துப் பேச வேண்டும். ஆனால் பாதுகாப்பு மானியக் கோரிக்கை பல வருஷங்களில் விவாதமே இல்லாமல் நிறைவேறிவிடுகிறது.

ஏன் விவாதம் இல்லை என்று கேட்டால், ரகசியம் என்பார்கள். பீரங்கி எங்கே நிற்கிறது என்பது ரகசியம்தான். நான் அதைக் கேட்க மாட்டேன். 1962 சீனப் போர்த் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லையே, அதில் யாரைக் காப்பாற்றுகிறோம்? கார்கில் போரை ஆராய்ந்த குழுவின் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டாலும், 2000-லேயே நாடாளுமன்றத்துக்கு வந்தது. நாடு ஒன்றும் கெட்டுவிடவில்லை.

2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணிகளுக்கு 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும் நாலு வருஷம் முடிகிறது. எத்தனை பேரை வைத்துக்கொண்டார்கள், வெளியே வந்தவர்களுக்கு என்ன வேலை கிடைத்தது என்ற கணக்கை அரசு வருஷாவருஷம் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ரோடு, தண்ணீரோடு இதையும் கேளுங்கள்.